நானே தயாரித்த கேள்வித்தாளில் நான் ஃபெயில்

இது நடந்தது நாங்கள் கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் இருந்த கடைசி வருடத்தில். பிப்ரவரி மாதம், சனிக்கிழமை காலை, விடாத மழை.

இப்போது நியூ ஜெர்சிக்கு மாறி, பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். இங்கே பிப்ரவரி என்றால் பனிதான். சத்தமே இல்லாமல் கொட்டிவிட்டுப் போகும். எப்போதாவது மழை பெய்து ஜன்னலில் அடித்தால் எனக்கு அந்தப் பழைய கட்டடம் ஞாபகம் வந்துவிடும். பெரிய பாத்திரத்தில் எந்நேரமும் சூடாக இருக்கும் காபி, பக்கத்து ஹாலில் பையன்கள் கூடைப்பந்து தட்டும் சத்தம், ஈர ஸ்வெட்டர்களின் வாடை. அங்கே நான் போய் வந்தது ஒரு வருடம் போல இருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் அமெரிக்காவில் 'நம்ம இடம்' என்று எனக்கு ஒன்று இருந்தது என்றால் அது அந்த இடம்தான்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் கோவில்பட்டிப் பக்கம். எம்.எஸ்ஸி. புள்ளியியல், யுனிவர்சிட்டி ரேங்க். கல்யாணம் முடிந்த கையோடு ஹெச்-ஃபோர் விசாவில் ஃப்ரீமான்ட்டில் வந்து இறங்கினேன். கணவருக்கு வேலை, மனைவிக்கு வீடு, அந்த விசாவுக்கு அவ்வளவுதான் அர்த்தம். நான் வேலைக்குப் போகச் சட்டம் இடம் தராது. பல வருடம் அப்படியே ஓடியது. சமைத்தேன். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் பாட்லக் விருந்துகளுக்குப் புளியோதரை கிண்டினேன். தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒருவழியாக வேலை செய்வதற்கான அனுமதி அட்டை தபாலில் வந்த அன்று, அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன்.

அட்டை வந்ததே தவிர வேலை வரவில்லை. போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி, இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று. புளியோதரை கிண்டினேன் என்றா சொல்ல முடியும்? நல்லவேளையாக ஒரு சின்ன ஆராய்ச்சிக் குழு என்னைச் சோதனைக்கு எடுத்துப் பார்ப்போம் என்று சேர்த்துக்கொண்டது. அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் உடல்நலத்தைப் பற்றிய ஆராய்ச்சி. நகரத்தில் வளரும் அவர்களுடைய பிள்ளைகள் உடம்பாலும் மனசாலும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. கேள்விகளை அமைப்பதும், வருகிற பதில்களைக் கணக்குப் போடுவதும் என் வேலை.

உண்மையைச் சொன்னால் அந்த மக்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. பள்ளிப் பாடத்தில் 'செவ்விந்தியர்கள்' என்று ஒரு வரி படித்ததுதான். மனதில் இருந்த படம் குதிரையும் தலையில் இறகும். அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளை, வேலை தருகிறோம் என்று சொல்லி அரசாங்கமே ஊர் ஊராகப் பெயர்த்துக்கொண்டு வந்து நகரத்தில் விட்டது என்பதெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு தெரிந்ததுதான். அப்படி வந்த பல இனத்துக் குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற இளைஞர் மையம் ஒன்று பே ஏரியாவின் கிழக்குப் பக்கத்தில் இருந்தது. அதுதான் நான் சொன்ன பழைய கட்டடம்.

எங்கள் குழுவின் தலைவி ஒரு டாக்டர். அவரும் பூர்வகுடிதான், கலிஃபோர்னியாவின் வடக்கே ஆற்றங்கரையில் வாழும் ஒரு இனத்தைச் சேர்ந்தவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் மறுபேச்சுக்கு இடம் இருக்காது. இதற்கு முன் ஆராய்ச்சி என்று வந்தவர்கள் குடி, போதை, தற்கொலை என்று கெட்டதை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்களாம். இந்தப் பிள்ளைகளை எது தாங்கிப் பிடிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. என்ன கண்டுபிடித்தோம் என்று திரும்பி வந்து சொல்லவும் இல்லை. அதனால் அந்த மையத்தில் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். யார் ஆராய்ச்சி என்று வந்தாலும், அங்கே இருக்கும் இளைஞர் குழுதான் முடிவெடுக்கும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். யார் சிபாரிசும் செல்லாது.

இன்னொரு விதியும் இருந்தது. பிள்ளைகளிடம் கேட்கப்போகிற கேள்விகளை உருவாக்கியவர், முதலில் அவர்கள் முன்னால் உட்கார்ந்து அதே கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட்டெடுப்பு.

தலைவி இதை என்னிடம் சொன்னபோது எனக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. நானே தயாரித்த கேள்வித்தாள். அதற்கு நானே பதில் எழுத வேண்டும். இதைவிடச் சுலபமான பரீட்சை உண்டா? பயமெல்லாம் ஓட்டைப் பற்றித்தான். பிள்ளைகள் வேண்டாம் என்றால் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. தலைவிக்கு வேறு ஆயிரம் வேலை இருக்கிறது. எனக்குத்தான் இருப்பது இந்த ஒன்று. சோதனைக் காலம் வேறு முடியவில்லை. அது போனால் மறுபடியும் அதே சமையலறை, அதே "இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்?"

அந்தச் சனிக்கிழமை காலையில் எழுந்து பெரிய அலுமினிய ட்ரேயில் லெமன் சாதம் கிளறினேன். வெறுங்கையோடு எப்படிப் போவது? எனக்கு அப்போது காரோட்டத் தெரியாது, கணவர்தான் கொண்டுபோய் விட்டார். மடியில் ட்ரேயை வைத்துக்கொண்டு கேள்விகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

"சின்னப் பசங்கதானே, ஏன் இவ்ளோ டென்ஷன் ஆகுற? ஸ்மைல் பண்ணு, கான்ஃபிடென்ட்டா பேசு, அவ்ளோதான்" என்றார். இன்டர்வியூவுக்குப் போகிற ஜூனியரிடம் பேசுகிற தொனி. அவர் காரிலேயே இருந்து கிரிக்கெட் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

உள்ளே வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஹூடி, ஹெட்ஃபோன், கிழிந்த ஜீன்ஸ். நான் மனதில் வைத்திருந்த இறகு ஒருவர் தலையிலும் இல்லை. தலைவி ஒரு ஓரத்தில் கை கட்டி உட்கார்ந்துவிட்டார். சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா, நல்ல பருமன், குரலும் அதற்கேற்ற கனம், என் ட்ரேயை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, முதல் தட்டைப் போட்டு அங்கே இருந்த பெரியவர் ஒருவருக்குக் கொடுத்தனுப்பினார். அங்கே எல்லாரும் அவரை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். நம் ஊர் அபார்ட்மென்ட்டுக்குள் வந்த மாதிரி கொஞ்சம் தைரியம் வந்தது.

அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

முதலில் எல்லாரும் தங்கள் பெயர், தங்கள் இனம், எந்த ஊர் மக்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தது. தமிழ்ச் சங்கத்தில் சொல்லிப் பழகிய வாய். என் கணவர் இன்ன கம்பெனியில் இன்ன வேலை, ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம் என்று ஒப்பித்து முடித்தேன். தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்த ஒரு பையன், குழுவுக்கு அவன்தான் தலைவன், கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரி, அவரைத் தெரிஞ்சுக்கிட்டோம். நீங்க யாரு?" என்று கேட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பெயரைச் சொன்னேன். என் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. அமெரிக்காவில் அதற்கு ஒருவரும் மெனக்கெட்டதில்லை, நானே பாதியாக வெட்டித்தான் சொல்வேன். இந்தப் பிள்ளைகள் விடவில்லை. முழுசாகச் சொல்லச் சொல்லி, ஒவ்வொருவராக நாக்கை மடித்து மடித்து முயற்சி செய்து, சரியாக வரும்வரை ஓயவில்லை. அவர்கள் பெயர்களைப் பள்ளியில் டீச்சர்கள் சிதைத்த கதைகள் அவர்களிடம் நிறைய இருந்தன. வருடக்கணக்கில் நான் யாரோ ஒருவரின் மனைவி, இல்லாவிட்டால் ஆன்ட்டி. என் முழுப் பெயர் ஒரு அறையில் அத்தனை வாயில் கேட்டபோது எனக்கு என்னவோ போல் இருந்தது.

அப்புறம் கேள்விகள். பையன் படிக்கப் படிக்க நான் பதில் சொல்ல வேண்டும். 'எப்போதும்' என்பதிலிருந்து 'ஒருபோதும் இல்லை' வரை கட்டங்கள். நன்றாகத் தூங்குகிறீர்களா? எப்போதும். காலையில் எழுந்தால் அன்றைய நாளை நினைத்துச் சந்தோஷமாக இருக்கிறதா? எப்போதும். மனசு சரியில்லாதபோது பேச ஆள் இருக்கிறதா? எப்போதும். காரணமில்லாமல் சோகமாக உணர்ந்தது உண்டா? ஒருபோதும் இல்லை. கடகடவென்று சொல்லிக்கொண்டு போனேன். கேள்வித்தாள் என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் முழு மார்க் வாங்குவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. நம்மில் யாருக்குத்தான் தெரியும்? நன்றாக இருக்கிறாயா என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பதுதான் பதில். அதற்கு வேறு ஒரு பதில் இருக்கிறது என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

முடிந்ததும் பையன் போனில் கூட்டிப் பார்த்தான். எல்லாருக்கும் காட்டினான். அந்த ஹாலே சிரிப்பில் அதிர்ந்தது.

"முழு மார்க். உங்களை மாதிரி சந்தோஷமான ஆளை நாங்க பார்த்ததே இல்ல. அப்புறம் ஏன் உங்க கை இப்படி நடுங்குது?"

குனிந்து பார்த்தேன். நடுங்கத்தான் செய்தது. 'சொல்ல விருப்பமில்லை' என்று ஒரு கட்டத்தை நீங்கள்தானே போட்டீர்கள், அதையாவது ஒரு இடத்தில் சொல்லியிருக்கலாமே என்று இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தாள். அதற்கும் சிரிப்பு. பிறகு அந்தப் பையன் சிரிப்பை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னான். நீங்களே இப்படிச் சொன்னால் நாங்கள் மட்டும் எதற்கு நிஜத்தை எழுத வேண்டும்? நாங்களும் எல்லாம் சூப்பர் என்று டிக் பண்ணிவிட்டுப் போவோம். நீங்கள் அதைக் கணக்குப் போட்டு, இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதுவீர்கள்.

படித்தது புள்ளியியல். மனிதர்கள் நல்ல பெயருக்காகப் பொய்ப் பதில் சொல்வார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு பேப்பரே எழுதிப் பாஸ் பண்ணியவள் நான். அந்த அறையில் அதற்கு முதல் உதாரணமாக நானே உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டெடுப்பு நடக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை திரும்ப வாருங்கள், மறுபடி கேட்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். ரேங்க் வாங்கிய எனக்கு வாழ்க்கையில் முதல் அரியர், அதுவும் நானே செட் பண்ணிய பேப்பரில். ஒரே ஆறுதல், லெமன் சாத ட்ரே காலியாகிவிட்டது. சமையலறை ஆன்ட்டி அதைக் கழுவிக் கையில் கொடுக்கும்போது, "கிண்டல் பண்றாங்கன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். பிடிக்கலன்னா மரியாதையா பேசி அனுப்பிடுவாங்க" என்றார்.

காரில் ஏறியதும் கணவர், எப்படிப் போச்சு என்றார். நல்லா போச்சு என்றேன். பழக்கம் போகுமா?

அந்த வாரம் முழுக்க எனக்கு எரிச்சல். பிள்ளைகள் மேல், தலைவி மேல், கடைசியில் எல்லாவற்றுக்கும் நானே காரணம் என்று என் மேல். தலைவி என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அவர்கள் முடியாது என்று சொல்லவில்லை, இன்னொரு வாரம் தந்திருக்கிறார்கள், அது எல்லாருக்கும் கிடைக்காது என்று மட்டும் சொன்னார். நான் பேசாமல் சில கேள்விகளுக்கு மார்க்கைக் குறைத்துச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். தூக்கத்துக்குக் கொஞ்சம் குறை, சோகத்துக்குக் கொஞ்சம் ஏற்று, பார்க்க இயல்பாக இருக்கும். கணக்குத் தெரிந்தவளின் புத்தி எங்கே போகிறது பாருங்கள். இதற்கு நடுவில் ஊரிலிருந்து அம்மா போன். நல்லாருக்கியா? நல்லாருக்கேம்மா. போனை வைத்த பிறகு, இந்தப் பதிலைக் கடைசியாக எப்போது யோசித்துச் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் மழை, முந்தையதைவிடப் பலமாக. கணவர் வழக்கம்போல் காரில் உட்கார்ந்திருந்தார். அவரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்ட ஆன்ட்டி, குடை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடியைத் தட்டி, ஆளை உள்ளே கூட்டி வந்துவிட்டார். கையில் காபியைக் கொடுத்து, குடித்து முடித்ததும் அந்த மடக்கு நாற்காலிகளையெல்லாம் ஹாலுக்குக் கொண்டுவா என்று வேலையும் வைத்துவிட்டார். இவர் ஆபீசில் பத்துப் பேரை ஏவுகிற மனிதர். மறுபேச்சில்லாமல் நாற்காலி சுமந்தார்.

நான் வட்டத்தில் உட்கார்ந்தேன். எனக்கு நேர் பின்னால் அவர் நாற்காலிகளைச் சாய்த்து அடுக்குகிற சத்தம் கேட்டது.

தூக்கம் பற்றிய கேள்விக்கு, சில நாள் வரும், சில நாள் வராது என்றேன். காலையில் எழுந்தால் சந்தோஷமாக இருக்கிறதா என்பதற்கு, இந்த வேலை கிடைத்த பிறகு இருக்கிறது, அதற்கு முன்னால் இல்லை என்றேன். அடுத்தது அந்தக் கேள்வி. மனசு சரியில்லாதபோது பேச ஆள் இருக்கிறதா?

பின்னால் நாற்காலிச் சத்தம் நின்றுவிட்டது.

பையன் என் முகத்தைப் பார்த்தான். கேலியெல்லாம் இல்லை. "வேண்டாம்னா 'பாஸ்'னு சொல்லி அடுத்த கேள்விக்குப் போயிடுங்க. அதுவும் நிஜமான பதில்தான்" என்றான்.

பாஸ் சொல்லியிருக்கலாம். யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். ஓட்டும் கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் முழுப் பெயரைச் சொல்ல அத்தனை பாடுபட்ட பிள்ளைகளிடம் பாதிப் பதிலை நீட்ட மனம் வரவில்லை.

சொன்னேன். வேலைக்குப் போக முடியாத அந்த வருடங்களில், காலையில் அவர் கிளம்பிப் போனால் ராத்திரி வரும்வரை என் குரலை நானே கேட்காத நாட்கள் நிறைய. உலர்த்தத் துணி இல்லாவிட்டாலும் ட்ரையரை ஓட விடுவேன், ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று. அப்புறம் ஒன்று கண்டுபிடித்தேன். போன் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டால், எடுத்தவுடனே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பில்லில் இல்லாத சந்தேகத்தை எல்லாம் கேட்பேன். அவர்களும் பொறுமையாகச் சொல்வார்கள். முடிக்கும்போது, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்பார்கள். அப்போது போனை வைக்க மனசில்லாமல், இன்னும் என்ன கேட்கலாம் என்று தேடிக்கொண்டு நிற்பேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்த நாளில் என் பதில், கஸ்டமர் கேர். அதற்கு இந்தத் தாளில் நான் கட்டம் போடவில்லை.

கடைசி வாக்கியத்தை வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தேன். அப்படி வரவில்லை. போன சனிக்கிழமை அத்தனை சிரித்த பிள்ளைகள், இந்த முறை ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. யாருக்காவது இது தெரியுமா என்று பையன் மெதுவாகக் கேட்டான். இப்போதுதான் தெரியும் என்றேன். என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

அப்போது ஒரு பெண் பேசினாள். பெயர் சொன்னதோடு சரி, மற்றபடி இரண்டு சனிக்கிழமையும் வாயே திறக்காமல், ஸ்வெட்டர் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

"இந்தக் கேள்வி தப்பு. பேச ஆள் இருக்கான்னு கேட்டா எனக்கு நிறைய பேர் இருக்காங்க. இருந்தும் நான் பேச மாட்டேன். நான் பேசாம போயிட்டா யாரு கவனிப்பாங்க? அதைக் கேளுங்க."

ஆன்ட்டி வந்து அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் தெரியாத ஏதோ ஒன்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் பேனாவை எடுத்து, பல வாரம் மண்டையை உடைத்து அமைத்த என் கேள்வியை அடித்துவிட்டு, அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதினேன். ஓட்டெடுப்பில் எல்லாக் கையும் உயர்ந்தது. பையன் தொப்பியைக் கழற்றி என் பக்கம் ஆட்டி, பாஸ் என்றான்.

வேலை தப்பித்தது. சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு இன்னொரு பரீட்சை காரில் காத்திருந்தது.

ஃப்ரீவேயில் அவர் எங்கள் வீட்டுக்கு இறங்கும் எக்ஸிட்டைத் தாண்டிப் போய்விட்டார். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு பெட்ரோல் பங்க்கில் காரை நிறுத்தினார்.

"நான் டெய்லி வீட்டுக்கு வந்ததும் என்ன கேப்பேன்?"

"இன்னைக்கு சாம்பாரா ரசமான்னு கேப்பீங்க."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "நீ அமைதியான டைப்புன்னு நெனச்சுட்டேன்டா" என்றார். அவர் அப்படி 'டா' போட்டுப் பேசி நெடுநாள் ஆகியிருந்தது. கல்யாணமான புதிதில் என் வாயை மூட வைக்க முடியாமல் தவித்தவர் அவர்தான், அது அவருக்கும் அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் அழுதேன். அவரும் அழுதார். ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்லி ஆகப்போவது எதுவும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. விசாவைத் திட்டினோம். அது நல்ல வசதி, திருப்பித் திட்டாது.

ஆராய்ச்சி நடந்தது. அந்தப் பெண் கொடுத்த கேள்விக்குத்தான் பிள்ளைகள் நிறைய எழுதியிருந்தார்கள். அத்தை, கோச், தம்பி, ஒரு நாய், பஸ் டிரைவர். 'யாருமில்லை' என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். தாளில் பெயர் கிடையாது என்பதால் அது யார் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை, கண்டுபிடிக்கவும் கூடாது. முடிவுகளை எடுத்துக்கொண்டு நாங்கள் மையத்துக்குப் போய் முதலில் அவர்களுக்குத்தான் காட்டினோம். 'யாருமில்லை' என்ற இடம் வந்ததும், அதற்கு மேல் போக வேண்டாம், நிறுத்துங்கள் என்றார்கள். அப்புறம் அந்தப் பிள்ளைகளே பேசி ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொருவரும் மனசுக்குள் இரண்டு பேரை எடுத்துக்கொள்ள வேண்டும். யாரை என்று யாரிடமும் சொல்லக் கூடாது. அவர்கள் சத்தம் குறைந்தால் கவனித்துப் போய்க் கேட்க வேண்டும். அங்கிருந்த பெரியவர்களும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நானும் இரண்டு பேரை எடுத்துக்கொண்டேன்.

அந்த வருட முடிவில் கணவருக்கு நியூ ஜெர்சிக்கு மாற்றல். கடைசிச் சனிக்கிழமை என் பெயரைக் கேக்கில் எழுதி வெட்டினார்கள். இனிமேல் லெமன் சாதம் யார் கொண்டுவருவது என்று கேட்டார்களே தவிர, உங்களைத் தேடுவோம் என்று ஒருவன் வாயிலிருந்தும் வரவில்லை. ஆன்ட்டி மட்டும் கட்டிப் பிடித்து விடவே இல்லை. நான் இங்கிருந்தே அந்தக் குழுவின் கணக்கு வேலையைத் தொடர்ந்து பார்த்தேன். மையத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் இருந்தேன். பிள்ளைகள் படம் போட்டால் முதல் ஆளாக ஏதாவது எழுதிவிடுவேன். ஒவ்வொருவராகப் பள்ளி முடித்துப் போனார்கள். தொப்பிப் பையன் இப்போது அதே மையத்தில் கூடைப்பந்து கோச். அந்தப் பெண் நர்சிங் படிக்கிறாள்.

போன குளிர்காலத்தில் என் அப்பா தவறிவிட்டார். ஊருக்குப் போய்க் காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பினேன். வந்த பிறகு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. என் கணவர் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டார். பிளெய்ன்ஸ்பரோ தோழிகள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாரிடமும் நல்லாருக்கேன் என்றுதான் சொன்னேன். வாட்ஸ்அப் குழுவை நான் திறந்தே பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் போனில் ஒரு செய்தி. அந்தப் பெண். கொஞ்ச நாளாக உங்கள் சத்தமே இல்லை, எப்போது கூப்பிடலாம் என்று மட்டும் கேட்டிருந்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நானே கூப்பிட்டேன். அப்பாவைப் பற்றி வெகுநேரம் பேசினேன், ஊரில்கூட யாரிடமும் அவ்வளவு பேசவில்லை. முடிக்கும்போது, இத்தனை பேர் இருக்கிற குழுவில் நான் பேசாதது உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்பதுதான் விதி, ஆனால் இன்றைக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன் என்றாள். அன்று அவள் எடுத்துக்கொண்ட இரண்டு பேரில் ஒருத்தி நான்.

அந்தப் பழைய கட்டடத்தை விட்டு வந்து இத்தனை வருடத்தில் எத்தனையோ நாள், இந்த நாட்டில் எனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று நினைத்து அழுதிருக்கிறேன். அத்தனை நாளும் நாட்டின் அந்தக் கோடியில் ஒரு பெண் என் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், எனக்குத்தான் நான் தனியாக இல்லை என்பது தெரியாமல் போயிற்று.